அழியும் அளியும்

“நாப்பத்தி மூணு தப்பாடி? ஏசி ரூம்ல ஒக்காந்து வேலை பாக்குற எம் மகன் எழுதுனதுல நாப்பத்தி மூணு தப்பக் கண்டுபிடிச்சாளாம்ல ஒம் மக. இவ எந்தப் பள்ளிக்கூடத்துல டீச்சரு?”

“கத்தாதீக தாயி. என்னா ஏதுன்னு சொல்லிட்டுக் கத்துங்க.”

“என்னத்தச் சொல்றது? எம் மகன் எழுத்து மேல செவப்புச் செவப்பாக் கோடு இழுத்து வச்சிருக்காளாம். கம்ப்யூட்டர்ல ஒலகமே பாத்துச் சிரிக்குதாம்.”

“கோடுதான? ஈரத்துணிய வச்சுத் தொடைச்சாப் போயிரும். இதுக்கா இம்புட்டு வெயில்ல கொடையப் பிடிச்சுக்கிட்டு வந்தீக?”

ஒச்சம்மாள் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அவளுக்கு எழுத்துத் தெரியாது. கோடு என்றால் சுவரில் கரியால் இழுக்கிற கோடுதான் தெரியும். ஆனால் குழாயடியில் குடத்தோடு நின்ற பொம்பளைகள் சிரித்துவிட்டார்கள். அன்னக்கொடிக்கு முகம் கறுத்துப்போனது. நல்லகாமன் பெண்டாட்டியான அவர் அந்தத் தெருவுக்குள் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை. தேர்தலுக்குக்கூட வேன் கதவைத் திறக்காமல் உள்ளே இருந்தே கும்பிட்டுப் போகிறவர். முதன்முதலாக வந்த இடத்தில் சிரிப்பை வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் பவதாரிணி வெளியே வந்தாள். தலைக்குக் குளித்துத் துண்டு கட்டியிருந்தாள். வந்தவள் சும்மா நின்றிருக்கலாம். அம்மாவை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தியிருக்கலாம்.

“நாப்பத்தி மூணு இல்லீங்க. நாப்பத்தி நாலு. ஒண்ணு எனக்கே சந்தேகமா இருந்துச்சு, விட்டுட்டேன்” என்றாள்.

வாய் என்றால் அப்படி ஒரு வாய். ஊரில் பாதிப் பேர் இன்றைக்கும், அந்த ஒரு வாக்கியத்தை விழுங்கியிருந்தால் எல்லாம் சுமுகமாகப் போயிருக்கும் என்கிறார்கள். அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

விஷயம் இவ்வளவுதான். அலங்காநல்லூரிலிருந்து பஸ் பத்து நிமிஷத்தில் வந்து நிற்கிற அந்த ஊரில் பால் சங்கம் ஒன்று உண்டு. நல்லகாமன் தலைவர். சங்கத்து மாடுகளுக்கெல்லாம் காதில் எண் குத்தி, எது எப்போது சினை, எதற்கு என்றைக்கு ஊசி என்று கம்ப்யூட்டரில் பதிந்து வைத்திருந்தார்கள். அதற்கு ‘தொழுவம்’ என்றொரு மென்பொருள். சும்மா கிடைப்பது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், எங்கேயாவது பழுது என்றால் யார் வேண்டுமானாலும் கை வைத்துச் சீர்செய்யலாம் என்று பொதுவில் விட்டது. ஊர்க் கண்மாய் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்மாயில் யார் எந்தப் படித்துறையில் இறங்கலாம் என்பது வேறு கதை.

அந்தத் தொழுவத்தை எப்படி ஓட்டுவது என்று தமிழில் ஒரு கையேடு எழுதிச் சேர்த்தவன் நல்லகாமனின் மகன் செல்வக்குமார். சென்னையில் வேலை. மூன்று சனி, ஞாயிறில் எழுதி முடித்தான். அதற்கு அவன் அப்பா பஸ் ஸ்டாப்பில் ஆளுயரத்துக்கு மூன்று மடங்கு ஃப்ளெக்ஸ் வைத்தார். ‘கணினிக்குத் தமிழ் ஊட்டிய எங்கள் குலவிளக்கே.’ காற்றில் கிழிகிற வரை இருந்தது.

அந்த ஃப்ளெக்ஸை அடித்தது கோரிப்பாளையத்தில் அப்பாஸ் பாய் கடை. அங்கே எழுத்துக் கோத்துத் தருகிறவள் பவதாரிணி. கம்ப்யூட்டர் படிப்புப் படித்தவள். மூன்று வருஷமாகக் கண்ணீர் அஞ்சலியும் காதணி விழாவும் அடித்துக்கொண்டிருந்தாள். பிழை கண்டால் அவளுக்குக் கை நிற்காது. முதல் மாதமே பாய் சொல்லிவிட்டார்:

“கஸ்டமர் எழுதிக் குடுக்குறதுதாம்மா ஸ்பெல்லிங். ‘அஞ்சளி’ன்னு குடுத்தா ‘அஞ்சளி’. மௌத்தானவரு எந்திரிச்சு வந்து கேக்கப் போறாரா?”

அதனால் பகலெல்லாம் ஊரார் பிழையை ஊரார் பிழையாகவே அச்சடித்துவிட்டு, மத்தியானச் சோற்று நேரத்தில் மட்டும் அவள் தொழுவம் கையேட்டைத் திறந்து வைத்துக்கொள்வாள். வலது கையில் தக்காளிச் சோறு, இடது கையில் மவுஸ். ‘கண்று’ என்றிருந்ததை ‘கன்று’ ஆக்கினாள். ‘கரவை மாடு’ கறவை மாடானது. ‘சிணை’ சினையானது. முதல் ஐந்தைக் கண்ணில் படாத யாரோ சரிபார்த்து ஏற்றுக்கொண்டார்கள். ஆறாவதிலிருந்து, நீயே மாற்றிக்கொள் என்று அனுமதி தந்துவிட்டார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் காரணம் எழுத ஒரு சின்ன இடம் உண்டு. ‘கால்நடை மறுத்துவர்’ என்று செல்வக்குமார் எழுதியிருந்த இடத்தில், “மறுத்துவர் என்றால் கூப்பிட்டால் வர மறுப்பவர். நம் பக்கத்து டாக்டர்களுக்குப் பொருந்தும், கையேட்டுக்குப் பொருந்தாது” என்று எழுதி வைத்தாள். எழுதினது யார் என்று தெரியாமல் திருத்தினேன் என்று அவள் எங்கேயும் சொன்னதில்லை. தெரிந்துதான் திருத்தினாள். தெரிந்ததில் கொஞ்சம் ருசியும் இருந்திருக்கும்.

ஆனால் ருசிக்காக மட்டும் நாற்பத்து மூன்று செய்ய முடியாது. பெங்களூரில் ஒரு கம்பெனி, மென்பொருள் கையேடுகளைத் தமிழில் சரிபார்க்க ஆள் கேட்டிருந்தது. மார்க் வேண்டாம், சிபாரிசு வேண்டாம், நீ செய்த வேலை இருக்கும் பக்கத்தை அனுப்பு, அது போதும் என்றார்கள். அவளிடம் இருந்தது அந்த ஒரு பக்கம்தான். அனுப்பிவிட்டாள். ஐந்தாம் தேதி போனில் பேசுகிறோம் என்று பதிலும் வந்தது. கடையில் மூன்று வருஷமாக அவள் பெயர் “ஏம்மா”. முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டு வந்த முதல் கடிதம் அதுதான்.

இதற்குள் செல்வக்குமாருக்குச் செக்கானூரணிப் பக்கம் சத்யப்ரியா என்று ஒரு பெண் பேசி, தாம்பாளம் மாற்றுகிற வரைக்கும் வந்திருந்தது. பெண்ணின் தாய்மாமன் ஆண்டிச்சாமி, ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார். மாப்பிள்ளை தமிழுக்கு என்னமோ செய்திருக்கிறாராமே என்று ஆசையாகப் போனில் தேடிப் பார்த்தார். பச்சையும் சிவப்புமாக நாற்பத்து மூன்று வந்து நின்றது. சபையில் வைத்தே, “மாப்ளைக்கு மருத்துவரும் மறுத்துவரும் ஒண்ணுதானோ?” என்று கேட்டுவிட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் புரையேறச் சிரித்தார்கள். தாம்பாளம் மாறவில்லை, யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்துவிட்டார்கள். அதற்கு மறுநாள்தான் அன்னக்கொடி குடை பிடித்து வந்தது.

சண்டை நடந்ததற்கு மறுநாள் காலை ஒச்சம்மாள் பால் கொண்டுபோனாள். சங்கத்து எழுத்தர் தவசி, பால்மானியை விட்டுப் பார்த்தார்.

“டிகிரி நிக்கலையே ஒச்சம்மா. தண்ணி கலந்த பாலு.”

“எம் மாட்டுப் பாலுலயா? எட்டு வருசமா ஊத்துறேன்.”

“நானா சொல்றேன்? மானி சொல்லுது.”

செவ்வாயும் மானி அதையே சொன்னது. புதனும் சொன்னது. இரண்டு மாட்டுப் பாலையும் என்ன செய்வது? தயிராக்கி, மோராக்கி, தெருவுக்கே ஊற்றினாள். மூன்று நாள் அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு மோர்க்குழம்பு. வருத்தப்பட்டவர்கள்கூட இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் வருத்தப்பட்டார்கள்.

பவதாரிணியின் அப்பன் சோணைமுத்து கொத்தனார். வேலைக்குப் போகிற வழியில் நல்லகாமன் வீட்டு வாசலில் நின்று, என்ன செய்யணும் சொல்லுங்கய்யா என்று கேட்டுவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மகளைச் சங்கத்துக்குக் கூட்டிவா என்று பதில் கிடைத்தது.

போனபோது எட்டுப் பேர் இருந்தார்கள். நல்லகாமன் குரலை உயர்த்துகிற ஆள் இல்லை. கம்ப்யூட்டருக்கு முன்னால் கிடந்த நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார்.

“ஒக்காரும்மா. படிச்ச பிள்ளை. ஒன்னய யாரும் மிரட்டல. முந்தி எப்பிடி இருந்துச்சோ அப்பிடி வச்சிரு. எடுத்த கையாலயே வச்சிரு. அம்புட்டுத்தேன்.”

“அதெல்லாம் தப்புங்கய்யா. தப்பத் திரும்ப எப்பிடி வைக்கிறது?”

“தப்பு, ரைட்டெல்லாம் பரிச்சைக்கும்மா. ஊருக்குள்ள என்னத்துக்கு?”

சுவரோரம் நின்ற சோணைமுத்து, “செய்யி தாயி” என்றார். அவருக்கு உட்கார எதுவும் காட்டப்படவில்லை.

சென்னையிலிருந்து செல்வக்குமாரைப் போனில் பிடித்து மேஜையில் சாய்த்து வைத்திருந்தார்கள். நல்ல பிள்ளை; முகம் கோணாமல் பேசினான்.

“தங்கச்சி, பெர்சனலா எனக்கு ஒண்ணுமே இல்லம்மா. உன் மேல ரெஸ்பெக்ட்தான். மாத்துறத மட்டும் உன் ஐடிலயே பண்ணிரு. நான் பண்ணா என் பேரு வரும். பாக்க நல்லாருக்காது.”

அங்கே இருந்தவர்களில் அதன் அர்த்தம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். தொழுவத்தில் எதுவும் மறைந்துபோவதில்லை. யார், எந்த நாளில், எதை எடுத்து எதை வைத்தார் என்று காலத்துக்கும் நிற்கும். நல்லதைக் கெடுத்தவள் என்று அவள் பெயர்தான் கடைசி வரியாக நிற்கும்.

“அண்ணே, அஞ்சாம் தேதி எனக்கு இன்டர்வியூ. இந்தப் பக்கத்தத்தான் அனுப்பியிருக்கேன். வேற ஒண்ணும் எங்கிட்ட இல்ல.”

“அப்பிடியாம்மா? ஆல் தி பெஸ்ட்” என்றான் செல்வக்குமார்.

பழைய கையேட்டின் அச்சுப்படி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தவசி வாசித்தார், அவள் அடித்தாள். ஒரே அமுக்கில் எல்லாவற்றையும் பழையபடி ஆக்க வழி உண்டு, அவள் சொன்னாள். வேண்டாம், ஒவ்வொன்றாகச் செய்யட்டும் என்றார் அன்னக்கொடி. ஜன்னலில் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு முத்துமீனா இதைக் காதால் கேட்டிருக்கிறாள்.

“கன்று. மூணு சுழி ண போடு.”

போட்டாள்.

“கறவை. சின்ன ர.”

போட்டாள்.

“மருத்துவர். இதுக்குப் பெரிய ற. அந்த நக்கலையும் எடுத்துரு.”

“அத எடுக்க முடியாதுங்க. எழுதுனது எழுதுனதுதான்.”

“பாத்தியா, திமிர” என்றார் அன்னக்கொடி.

இடையில் டீ வந்தது. எட்டுப் பேருக்கும் கண்ணாடி கிளாஸ். அப்பனுக்கும் மகளுக்கும் பேப்பர் கப். சோணைமுத்து ஊதி ஊதிக் குடித்தார். அவள் கப்பில் ஆடை படிந்து கிடந்தது.

முப்பத்தொன்றாவது வந்தபோது அவள் கையை எடுத்துவிட்டாள். தொழுவத்தில் பக்கம் பக்கமாக இரண்டு பொத்தான்கள். ஒன்று ‘அளி’: சங்கத்துப் பதிவை ஜில்லா அலுவலகத்துக்குக் கொடுப்பது. இன்னொன்று ‘அழி’: பதிவை இல்லாமல் ஆக்குவது. செல்வக்குமார் கையேட்டில், மாதக் கடைசியில் எல்லா மாடுகளையும் தேர்ந்தெடுத்து ‘அழி’ பொத்தானை அழுத்தவும் என்று எழுதியிருந்தான். நாற்பத்து மூன்றில் அவள் பயந்து திருத்தியது அது ஒன்றைத்தான். அது நாள் வரை தவசி பழைய ஆள் சொல்லிக்கொடுத்த ஞாபகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார். கையேட்டைப் பிரித்ததே இந்த ரகளையில்தான்.

“இது ஒண்ண மட்டும் விட்டுருங்கய்யா. இது எழுத்துல போற தப்பு இல்ல. மாடெல்லாம் போயிரும்.”

“மாடு எங்கிட்டுப் போகும்? கட்டுத்தறியிலதான நிக்குது?”

“பதிவு போயிரும்ங்கய்யா. பொத்தான் ரெண்டு இருக்கு. குடுக்குறதுக்கு அளி. இல்லாம ஆக்குறதுக்கு அளி.”

எட்டுப் பேரும் சிரித்தார்கள்.

“இன்னொருக்காச் சொல்லு.”

“ஒண்ணு அளி. இன்னொண்ணு… அளி.”

அவள் என்ன செய்வாள்? அந்த மண்ணில் பழம் பளம்தான், மழை மளைதான், வாழை வாளைதான். அவள் நாக்கிலும் ழ கிடையாது. விரலில்தான் இருந்தது. நாக்கை மடித்து இன்னொரு தடவை முயன்று பார்த்தாள். காது வரை சிவந்ததுதான் மிச்சம். சோணைமுத்துகூடத் தரையைப் பார்த்துக்கொண்டு லேசாகச் சிரித்தார்; எட்டுப் பேர் சிரிக்கிற இடத்தில் தான் மட்டும் சும்மா நிற்பது மரியாதை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ.

“போர்டுல எழுதிக் காட்டுறேன்” என்று எழுந்தாள்.

“ஒக்காரு” என்றார் நல்லகாமன். “எங்களுக்குப் பாடம் வேணாம். எம் மகன் போட்டதப் போடு.”

போட்டாள்.

நாற்பத்து மூன்றும் முடிந்து, காரணம் எழுதுகிற இடத்தில் என்ன எழுதவேண்டும் என்பதையும் செல்வக்குமாரே போனில் சொன்னான். “என் திருத்தங்கள் தவறானவை. திரும்பப் பெறுகிறேன்.”

அடித்ததைக் குனிந்து பார்த்த தவசி, “பெறுகிறேன்… இது பெரிய ற தானாம்மா?” என்று கேட்டார்.

“பெரிய ற தான்” என்றாள். அதை மட்டும் எல்லாரும் நம்பினார்கள்.

திங்கட்கிழமை பாலில் டிகிரி நின்றது. அதே மாடு, அதே புல், அதே மானி.

ஐந்தாம் தேதி அப்பாஸ் பாய் ஃப்ளெக்ஸ் மிஷினை அரை மணி நேரம் நிறுத்தி வைத்தார். “துவா பண்ணியிருக்கேன், போய்ப் பேசு” என்று உள்ளறைக் கதவைச் சாத்தினார். கதவு ஒட்டுப்பலகை, எல்லாம் வெளியே கேட்டது. எதிர்முனையில் ஒரு பெண், இனிமையான குரல்.

“உங்க பேஜைப் பார்த்தேன் பவதாரிணி. முதல் நாற்பத்து மூணும் ரொம்ப நல்லாயிருக்கு. ஆனா போன வாரம் எல்லாத்தையும் நீங்களே திரும்பத் தப்பா மாத்தியிருக்கீங்க. என் திருத்தம் தவறுன்னு எழுதியும் இருக்கீங்க. ஏன்?”

“ஊர்ல மாத்தச் சொன்னாங்க மேடம்.”

“யாரு?”

“ஊர்ல.”

அந்தப் பெண் சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. “ஸ்பெல்லிங்கை ஊர் கூடி முடிவு பண்ற இடத்தை இப்பத்தான் கேள்விப்படறேன். சரி, எதுவா இருந்தாலும் மெயில் பண்றோம்.”

மெயில் வரவில்லை. பாய் மிஷினைத் திரும்ப ஓட்டினார். மதியம் ஒரு காதணி விழா அவசரமாகக் கேட்டிருந்தார்கள்.

மாதக் கடைசியில், தலைவர் மகன் எழுதிய கையேட்டின்படிதான் இனி எல்லாம் என்று உத்தரவாகியிருந்ததால், தவசி அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டு வரி வரியாகச் செய்தார். எல்லா மாடுகளையும் தேர்ந்தெடுத்தார். ‘அழி’யை அழுத்தினார். நிச்சயமாகவா என்று அது கேட்டது. ஆம் என்றார். அறுநூற்றுச் சொச்சம் மாடுகள் திரையை விட்டுப் போயின. பதிவுக்கு நகல் எடுத்து வைக்கிற முறை ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. அங்கே யாரும் போனதில்லை.

ஊரே மாட்டை அவிழ்த்துக்கொண்டு சங்கத்து வாசலில் நின்றது. ஐப்பசி அடைமழை. காது எண்ணைத் திரும்பக் குறிக்க வேண்டும், எதற்கு ஊசி போட்டது என்று யாருக்கும் நினைவில்லை, சினை மாட்டுக்குக் கணக்குத் தப்பிப்போனது. இரண்டு நாள் சகதியில் நின்றவர்களுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது.

செல்வக்குமார் அதைப் போனிலேயே அனுப்பினான். ஒரு வரியைக் கடைசியாகத் தொட்டது யார் என்று காட்டுவதற்குத் தொழுவத்தில் ஒரு பொத்தான் உண்டு. அதற்கு வெள்ளைக்காரன் வைத்த பெயரே ‘பிளேம்’, பழி. அழுத்தினால் அந்த வரி, அதன் பக்கத்தில் தேதி, அதன் பக்கத்தில் பவதாரிணி. டீக்கடையில் கை மாறிக் கை மாறி எல்லாரும் பார்த்தார்கள்.

“மனசுக்குள்ள கருவிக்கிட்டே இருந்து செஞ்சிருக்கா பாரு” என்றார் அன்னக்கொடி.

அந்த அறையில் இருந்த எட்டுப் பேருக்கும் அவள் கெஞ்சியது மறந்துபோனது. தவசிக்கு மட்டும் நன்றாக நினைவிருந்தது. நினைவிருந்ததால்தான் அவர் மற்றவர்களைவிடச் சத்தமாகத் திட்டினார்.

சோணைமுத்து வீட்டுக் கூரையில் இரண்டு கல் விழுந்தது. புதிதாக எழுதிய பதிவில் ஒச்சம்மாளின் மாடுகள் ஏறவில்லை. பதிவில் இல்லாத மாட்டுப் பாலைச் சங்கம் வாங்காது என்று தவசி பணிவாகச் சொன்னார். கார்த்திகைக்குள் இரண்டையும் வாடிப்பட்டிச் சந்தையில் விற்றுவிட்டார்கள்.

ஆண்டிச்சாமி வாத்தியாருக்கு எது சரி என்று தெரியாமல் இல்லை. ஆனால் “திருத்தினவளே தப்புன்னு எழுதி வச்சிட்டா பாருங்க” என்று நல்லகாமன் காட்டியதும், ஆமாம் என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாப்பிள்ளை நல்ல இடம். தை மாதம் கல்யாணம் நடந்தது. சத்யப்ரியா சென்னையில் இருக்கிறாள். மாசமாக இருப்பதாகக் கேள்வி. போன ஆவணியில் மட்டக்களப்பிலிருந்து யாரோ ஒரு பெரியவர் கையேட்டைப் படித்து, பிழைகளையெல்லாம் திருத்தி வைத்தார். ‘தங்களைப் போன்றவர்களால்தான் ஐயா தமிழ் வாழ்கிறது’ என்று செல்வக்குமார் கீழே எழுதி, கும்பிடுகிற படமும் போட்டிருந்தான்.

சோணைமுத்து குடும்பம் செல்லூர்ப் பக்கம் வாடகைக்குப் போய்விட்டது. பவதாரிணியை டி. கல்லுப்பட்டியில் கொடுத்தார்கள். மாப்பிள்ளை சித்தார்த், பஸ் கண்டக்டர், குணமான பையன் என்கிறார்கள். பத்திரிகை அவர்கள் பக்கம் அடித்தது. முத்துமீனாதான் முதலில் கவனித்தாள். “என்னடி, ஒம் பேருக்கே ரெண்டு சுழி ன போட்டு பவதாரினின்னு அடிச்சிருக்காய்ங்க?”

“இருக்கட்டும்க்கா. கூப்புட்டா ஒரே மாதிரித்தான கேக்கும்?”

வைகாசியில் முகூர்த்தம். ஊரிலிருந்து நாலு பேர் போயிருந்தார்கள். சாப்பாடு குறை சொல்ல முடியாதாம்.